கரண்டி நிற்கும் பதம்: பாட்டேஜும் காய்கறிக் கெட்டிச் சூப்பும் வீட்டில் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

கார்ன்ஃப்ளாரைக் கரைத்து ஊற்றிக் கெட்டியாக்கிய சூப்பையும், பட்டாணியும் பார்லியும் தாமாகவே வெந்து கரைந்து கெட்டிப்பட்ட சூப்பையும் இரண்டு கிண்ணங்களில் அருகருகே வைத்துப் பார்த்தால், வாயில் வைப்பதற்கு முன்பே வித்தியாசம் தெரிந்துவிடும். முதலாவது பளபளவென்று இருக்கும். கரண்டியிலிருந்து ஒரே திரளாக வழுக்கி விழும். இரண்டாவதில் பளபளப்பு இராது. கரண்டியின் முதுகில் சொரசொரப்பாக ஒரு படலம் ஒட்டி நிற்கும், ஆவியில் வெங்காயத்தின் இனிப்பும் தானியத்தின் மணமும் ஏறி வரும். இந்த இரண்டாவது வகையைச் செய்வதற்கான வழிகாட்டிதான் இது. கெட்டித்தன்மை என்பது கடைசியில் வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்க்கும் பொருளாக இருக்கக் கூடாது என்பதும், பானைக்குள் இருக்கும் பொருள்களிலிருந்தே அது பிறக்க வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து. இதற்கு அபூர்வமான சரக்கு எதுவும் வேண்டாம். எதை எப்போது பானையில் போடுவது என்ற வரிசையும் பொறுமையும் போதும்.

பாட்டேஜ் என்ற சொல் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. ‘பானையில் வெந்தது’ என்பதே அதன் பொருள். இடைக்கால ஐரோப்பாவின் கிராமத்து வீடுகளில் அடுப்பின் மேல் தொங்கிய பானையில் ஓட்ஸ், பார்லி, உலர்ந்த பட்டாணி, முட்டைக்கோஸ், லீக்ஸ் (வெங்காய இனத்தைச் சேர்ந்த தடித்த தண்டு), வெங்காயம் எனக் கிடைத்தவற்றையெல்லாம் சேர்த்து வேகவைத்த அன்றாட உணவு அது. உருளைக்கிழங்கும் தக்காளியும் அந்தப் பானையில் இருந்ததில்லை. அவை அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16ஆம் நூற்றாண்டில்தான் ஐரோப்பாவை வந்தடைந்தன. அக்காலத்து ஆங்கிலச் சமையல் குறிப்புகள் பாட்டேஜை ‘ஓடுவது’, ‘நிற்பது’ என இரண்டாகப் பிரித்தன. சாய்த்தால் வழிவது முதல் வகை. வைத்த இடத்தில் குவிந்து நிற்பது இரண்டாவது வகை. இந்தப் பிரிவு இன்றைக்கும் அப்படியே பயன்படுகிறது. அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே, செய்யப்போவது ஓடும் பதமா நிற்கும் பதமா என்று முடிவு செய்துகொண்டால், தண்ணீரின் அளவு, தானியத்தின் அளவு, வேகும் நேரம் ஆகிய மூன்றும் அந்த முடிவிலிருந்தே வந்துவிடும்.

பதத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. மரக்கரண்டியால் பானையின் அடியில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு உடனே மூடிக்கொண்டால் அது ஓடும் பதம். இரண்டு மூன்று விநாடிகள் அடிப்பாகம் தெரிந்து பிறகு மெதுவாக மூடினால் இடைப்பட்ட பதம். பெரும்பாலான காய்கறிச் சூப்புகளுக்கு இதுவே போதும். கோடு மூடாமல் அப்படியே நின்றால் நிற்கும் பதம். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மாவுச்சத்து ஆற ஆற இறுகும் தன்மை உடையது என்பதால், அடுப்பில் இருக்கும்போதே விரும்பிய பதம் வரும்வரை காத்திருந்தால், மேசைக்கு வரும்போது அது களியாகிவிடும். எப்போதும் ஒரு படி தளர்வாக இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும்.

கெட்டித்தன்மை எங்கிருந்து வருகிறது

உடைத்த பட்டாணி, பருப்பு வகைகள் ஆகியவை வேகும்போது அவற்றின் செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகித் தண்ணீரில் கரைந்து பரவுகின்றன. தோல் நீக்கி உடைத்த பருப்பு முழுவதும் கரையும். தோலுள்ள முழுப் பயறு உருவம் குலையாமல் நிற்கும். ஆகவே கெட்டியாக்க உடைத்த பருப்பையும், மெல்லுவதற்கு முழுப் பயறையும் எடுத்துக்கொள்வது சரியான முறை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு உடைத்த பட்டாணி 150 கிராம் என்றால் இடைப்பட்ட பதம் வரும். 250 கிராம் என்றால் நெதர்லாந்தில் பட்டாணிச் சூப்புக்குச் சொல்வதுபோல நட்டுவைத்த கரண்டி சாயாமல் நிற்கும். மைசூர்ப் பருப்பு 20 முதல் 25 நிமிடத்தில் கரைந்துவிடும். உடைத்த பட்டாணிக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வேண்டும்.

பார்லியும் ஓட்ஸும் வேறு விதமாக வேலை செய்கின்றன. இவற்றில் மாவுச்சத்தோடு பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார்ச்சத்தும் இருக்கிறது. அதுதான் சூப்புக்கு அந்தக் குழைவையும் பட்டுப்போன்ற வழவழப்பையும் தருகிறது. ஒரு லிட்டருக்கு 50 முதல் 60 கிராம் தீட்டிய பார்லி போதுமானது. கண்ணுக்குக் குறைவாகத் தெரிகிறதே என்று இன்னொரு பிடி போடும் ஆசை எல்லோருக்கும் வரும், போட வேண்டாம். பார்லி தன் அளவைப்போல் மூன்று மடங்கு வரை உப்பும், இறக்கிய பிறகும் தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும்.

உருளைக்கிழங்கின் மாவுச்சத்து ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸிலேயே உப்பத் தொடங்கிவிடும். அதை மத்தாலோ மசிப்பானாலோ மசித்தால் நன்றாகக் கெட்டிப்படும். மிக்ஸியில் வேகமாக அடித்தாலோ, உப்பிய மாவுத்துகள்கள் உடைந்து பசைபோல இழுபடும். இதனால்தான் உருளைக்கிழங்கு அதிகமுள்ள சூப்பை மிக்ஸியில் போட வேண்டாம் என்று சொல்கிறேன்.

பழைய ரொட்டியும் ஒரு நல்ல கெட்டிப்பொருள். இத்தாலியின் டஸ்கனி பகுதியில் வெள்ளைப் பீன்ஸ், கருநிறக் கீரைக்கோசு, காய்ந்த ரொட்டி ஆகியவற்றைச் சேர்த்துச் செய்யும் ரிபொல்லீதா என்ற சூப்பின் பெயருக்கே ‘மீண்டும் கொதித்தது’ என்று பொருள். முதல் நாள் சூப்பை மறுநாள் ரொட்டியோடு திரும்பவும் கொதிக்கவைப்பதே அதன் உயிர். ஒரு லிட்டருக்கு 120 முதல் 150 கிராம் வரை, இரண்டு மூன்று நாள் காய்ந்த, கெட்டியான நாட்டு ரொட்டியைப் பிய்த்துப் போடலாம். மென்மையான சாண்ட்விச் ரொட்டி இதற்கு உதவாது. அது பஞ்சாகிக் கொழகொழத்துவிடும்.

வேக மறுக்கும் பயறும் அதன் காரணமும்

காய்களும் பயறுகளும் மென்மையாவதற்கு, அவற்றின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் கரைய வேண்டும். புளிப்பு இருந்தால் பெக்டின் கரைய மறுக்கும். கடினநீரில் உள்ள கால்சியமும் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வெள்ளைப் பீன்ஸ் சூப் ஒன்றில் நிறத்துக்காகத் தக்காளியை முதலிலேயே சேர்த்துவிட்டு, மூன்று மணி நேரத்துக்குப் பிறகும் பீன்ஸ் மையத்தில் சுண்ணாம்புபோல நறநறத்ததை நான் அனுபவித்திருக்கிறேன். அன்றிலிருந்து தக்காளி, வினிகர், எலுமிச்சை, தயிர் எதுவானாலும் பயறை விரலால் அழுத்தினால் மசியும் நிலை வந்த பிறகுதான் பானைக்குள் போகிறது. கடினநீர் மட்டுமே கிடைக்குமானால், வடிகட்டிய குடிநீரைப் பயன்படுத்துங்கள். அல்லது ஒரு லிட்டருக்குக் கால் தேக்கரண்டிக்கு மிகாமல் சமையல் சோடா சேருங்கள். சோடா கூடினால் சோப்புச் சுவை வரும். தயமின் என்ற வைட்டமினும் அழியும்.

உப்பு போட்டால் பயறு வேகாது என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. ஊறவைக்கும் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு கரைத்து இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரை வடித்துவிட்டு வேகவைத்துப் பாருங்கள். தோல் வெடிக்காமல், உள்ளே வெண்ணெய்போல வேகும்.

ராஜ்மாவைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பச்சை ராஜ்மாவில் லெக்டின் வகையைச் சேர்ந்த ஒரு நச்சு உள்ளது; சரியாக வேகாத சில விதைகளே கடும் வாந்தியை உண்டாக்கப் போதும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதிய தண்ணீரில் தளதளவென்று கொதிக்கும் நிலையில் முதலில் 30 நிமிடம் வேகவைத்த பிறகே தீயைக் குறைக்க வேண்டும். கொதிநிலையை எட்டாத மின்சார மெதுசமையல் பானையில் பச்சை ராஜ்மாவை நேரடியாகப் போடவே கூடாது. குறைந்த சூட்டில் அந்த நச்சு அழிவதில்லை.

பானையும் தீயும்

அடி கனமான, அகலமும் ஆழமும் உள்ள பாத்திரம் ஒன்று போதும். கெட்டியான திரவத்தில் சூடு மேலும் கீழுமாகச் சுழன்று பரவாமல் அடியிலேயே தங்கிவிடுவதால், மெல்லிய அடியுள்ள பாத்திரத்தில் எவ்வளவு கிளறினாலும் அடிபிடிக்கும். பாத்திரத்தின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். குக்கரைப் பயன்படுத்தலாம், ஆனால் பட்டாணியும் பார்லியும் நுரைத்து ஆவித்துளையை அடைக்கக்கூடியவை என்பதால் பாதியளவுக்கு மேல் நிரப்பக் கூடாது. குக்கரில் நீர் அதிகம் வற்றாது. ஆகவே தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டு, திறந்த பிறகு பத்து நிமிடம் மூடாமல் கொதிக்கவிட்டால் சுவை ஒன்றுகூடும்.

ஒரு பாட்டேஜை முதலிலிருந்து கடைசிவரை செய்வோம்

ஆறு பேருக்கான பட்டாணி பார்லி பாட்டேஜை எடுத்துக்கொள்வோம். இதை ஒருமுறை கவனமாகச் செய்து பழகினால் மற்றவை அனைத்தும் இதன் மாற்றங்களே. உடைத்த பச்சைப் பட்டாணி 300 கிராம், தீட்டிய பார்லி 60 கிராம், வெங்காயம் 200 கிராம், லீக்ஸ் 200 கிராம், கேரட் 200 கிராம், டர்னிப் 150 கிராம், செலரித் தண்டு 100 கிராம், வெண்ணெய் அல்லது ஆலிவ் எண்ணெய் 40 கிராம், தண்ணீர் 2 லிட்டர், பிரிஞ்சி இலை இரண்டு, தைம் சில கொத்துகள், மிளகு, உப்பு, ஒரு பிடி பார்ஸ்லி, கடைசியில் சேர்க்க ஒரு தேக்கரண்டி வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு.

லீக்ஸை நீளவாக்கில் பிளந்து, அடுக்கடுக்காக விரித்துத் தண்ணீரில் அலசுங்கள். அதன் மடிப்புகளுக்குள் மண் ஒளிந்திருக்கும். ஒரு மணல் துணுக்கு முழுப் பானையையும் கெடுத்துவிடும். வெள்ளைப் பகுதியைப் பொடியாகவும் இளம்பச்சைப் பகுதியைச் சற்றுப் பெரிதாகவும் நறுக்கித் தனித்தனியே வையுங்கள். பட்டாணியை நீர் தெளியும்வரை நான்கைந்து முறை கழுவுங்கள்.

வெண்ணெய் உருகியதும் வெங்காயம், செலரி, லீக்ஸின் வெள்ளைப் பகுதி ஆகியவற்றை ஒரு தேக்கரண்டி உப்போடு சேர்த்து, மூடிபோட்டுச் சிறுதீயில் 15 முதல் 20 நிமிடம் வதக்குங்கள். இந்த இருபது நிமிடத்தைத் தயவுசெய்து சுருக்காதீர்கள். வெங்காயம் பொன்னிறமாக வேண்டியதில்லை. நிறம் மாறாமல் கண்ணாடிபோலத் தெளிந்து, கரண்டியால் அழுத்தினால் மசிய வேண்டும். முதலில் மூக்கில் ஏறும் காரநெடி மெல்ல அடங்கி, மூடியைத் திறக்கும்போது இனிப்பான மணம் வரும் தருணமே அடையாளம். எலும்புச் சாறோ சூப் கட்டியோ இல்லாமல் வெறும் தண்ணீரில் செய்யும் சூப்புக்கு ஆழமான சுவை கிடைப்பது இந்த இடத்தில்தான்.

இப்போது பட்டாணியையும் தண்ணீரையும் சேர்த்துத் தீயை ஏற்றுங்கள். கொதி வரும்போது சாம்பல் நிற நுரை திரளும். அதைக் கரண்டியால் ஓரமாக ஒதுக்கி எடுத்துவிடுங்கள். நுரை உடலுக்குக் கெடுதல் என்பதால் அல்ல. எடுக்காவிட்டால் பொங்கி வழியும், சூப்பின் நிறமும் மங்கும். நுரை அடங்கியதும் பார்லி, பிரிஞ்சி இலை, தைம் ஆகியவற்றைப் போட்டு, தீயைக் குறைத்து, மூடியைச் சற்றே திறந்து வையுங்கள். மேற்பரப்பில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குமிழ் வந்தால் போதும்.

முப்பத்தைந்து நிமிடம் கழித்து, விரல்நுனி அளவுக்கு நறுக்கிய கேரட்டையும் டர்னிப்பையும் இன்னொரு தேக்கரண்டி உப்பையும் சேருங்கள். முதலிலேயே சேர்த்தால் அவையும் கரைந்து, எல்லாம் ஒரே நிறக் குழம்பலாகிவிடும். ஒரு நல்ல பாட்டேஜில் கரைந்தவையும் இருக்க வேண்டும், கரையாமல் பல்லுக்கு அகப்படுபவையும் இருக்க வேண்டும்.

இதற்குப் பிறகு பானையின் பக்கத்திலேயே இருங்கள். இதுவரை சலசலவென்று கேட்ட கொதி, பட்டாணி கரையத் தொடங்கியதும் மாறும். குமிழ்கள் பெரிதாகி, மேலே ஏறச் சிரமப்பட்டு, ‘களக்... களக்’ என்று இடைவெளி விட்டு வெடிக்கும். அந்த ஒலி வந்துவிட்டால் அடிபிடிக்கும் கட்டம் தொடங்கிவிட்டது என்று பொருள். தட்டையான நுனியுள்ள மரக்கரண்டியால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அடியைத் தேய்த்துக் கிளறுங்கள். பட்டாணி சேர்த்து ஒரு மணி நேரத்தை ஒட்டி, லீக்ஸின் பச்சைப் பகுதியைச் சேர்த்து மேலும் பத்து நிமிடம் வேகவிடுங்கள். பட்டாணி இன்னும் முழு உருவத்தோடு நின்றால், அது பழைய சரக்கு. கூடுதலாக அரை மணி நேரமும் கொஞ்சம் வெந்நீரும் கொடுங்கள்.

கோடு இழுத்துப் பார்த்து, வேண்டிய பதத்துக்கு ஒரு படி முன்பே அடுப்பை அணையுங்கள். கடைசி உப்பை இப்போதுதான் சேர்க்க வேண்டும். சூப்பின் மொத்த எடையில் 0.8 சதவீத அளவு உப்பு, அதாவது ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 8 கிராம், பெரும்பாலோருக்குப் பொருந்தும். ஆனால் வற்றும் அளவு ஒவ்வொரு அடுப்பிலும் வேறுபடுவதால், நாக்கின் தீர்ப்பே கடைசித் தீர்ப்பு. உப்பு சரியாக இருந்தும் சுவை மந்தமாகத் தோன்றினால், அது கேட்பது உப்பை அல்ல, புளிப்பை. வினிகரை அப்போது சேருங்கள். மூடி வைத்து 15 நிமிடம் ஆறவிட்டு, மிளகும் பார்ஸ்லியும் தூவிப் பரிமாறுங்கள்.

கரைத்துக் கடையும் சூப்புகள்

உருளைக்கிழங்கும் லீக்ஸும் சேர்ந்த சூப்பைப் பிரான்சில் பார்மெந்தியே பெயரால் அழைக்கிறார்கள். உருளைக்கிழங்கை மக்கள் உணவாக ஏற்கச் செய்ய அந்நாட்டில் பாடுபட்ட அந்துவான் ஒகுஸ்தன் பார்மெந்தியே (1737–1813) என்பவரின் நினைவாக வந்த பெயர் அது. உருளைக்கிழங்கு 500 கிராம், லீக்ஸ் 400 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர் என்பது நல்ல அளவு. லீக்ஸை வெண்ணெயில் வதக்கி, கிழங்கும் நீரும் உப்பும் சேர்த்து 25 நிமிடம் வேகவைத்து, பானையிலேயே மத்தால் மசித்தால் வேலை முடிந்தது. மேலே கொஞ்சம் கிரீம் விடலாம், விடாவிட்டாலும் குறையில்லை.

பரங்கிக்காய், கேரட், காலிஃபிளவர் போன்றவற்றைத் தண்ணீரில் வேகவைப்பதைவிட, பெரிய துண்டுகளாக்கி எண்ணெய் தடவி 200 டிகிரி செல்சியஸ் ஓவனில் 40 நிமிடம், ஓரங்கள் பழுப்பாகும்வரை சுட்டு, பிறகு நீர் சேர்த்து அரைப்பதே மேல். நீர் வற்றிச் சுவை செறிவதோடு, கூடவே ஒரு பிடி மைசூர்ப் பருப்பை வேகவைத்து அரைத்தால் தனியாக மாவு எதுவும் தேவைப்படாது. சூடான சூப்பை மிக்ஸியில் அரைக்கும்போது ஜாரில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். மூடியில் ஆவி வெளியேற வழிவிட்டு, துணியால் பிடித்துக்கொண்டு, மிகக் குறைந்த வேகத்தில் தொடங்குங்கள். ஆவி அடைபட்டால் மூடி தூக்கியெறியப்பட்டு, முகமும் கையும் வெந்துபோகும்.

பிழைகளைத் திருத்துவது

அடிபிடித்த வாசனை வந்த உடனே கிளறுவதை நிறுத்துங்கள். அடியைச் சுரண்டாமல் மேலே உள்ளதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ஒருமுறை கிளறிவிட்டால் புகைநெடி முழுவதும் பரவி, எதைச் சேர்த்தாலும் போகாது. நீர்த்துப்போயிருந்தால் இரண்டு மூன்று அகப்பை எடுத்து நன்றாக மசித்துத் திரும்ப ஊற்றுங்கள். அதுவும் போதாவிட்டால் ஓட்ஸ் இரண்டு மேசைக்கரண்டி தூவிப் பத்து நிமிடம் கொதிக்கவிடலாம். உப்பு மிஞ்சினால் உருளைக்கிழங்கைப் போட்டால் அது உப்பை உறிஞ்சிவிடும் என்பது சரியல்ல. கிழங்கு தன் பங்குக்கு உப்பு நீரைக் குடிக்கிறதே தவிர, மீதியுள்ளதன் உவர்ப்பு குறைவதில்லை. உப்பில்லாமல் வெந்த பருப்பையோ தண்ணீரையோ சேர்த்து மொத்த அளவைக் கூட்டுவதே வழி.

மீதத்தை வைப்பதும் மறுநாள் சூடாக்குவதும்

பாட்டேஜ் மறுநாள்தான் உண்மையான சுவைக்கு வருகிறது என்பதால், நான் எப்போதும் தேவைக்கு இரு மடங்காகவே செய்கிறேன். ஆனால் கெட்டியான சூப் நெடுநேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். மாவுப்பொருளில் வளரும் பாக்டீரியாக்களுக்கு அந்த வெதுவெதுப்பு மிகவும் உகந்தது, அவற்றுள் சில விளைவிக்கும் நச்சு மீண்டும் கொதிக்கவைத்தாலும் அழியாது. ஆகவே பெரிய பானையோடு இரவு முழுவதும் அடுப்படியில் விட்டுவைக்காமல், ஆழமில்லாத அகலப் பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, அவற்றைக் குளிர்ந்த நீர்த் தட்டில் வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்குக் கீழே இறக்கி, உடனே குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மூன்று நான்கு நாள் இருக்கும். உறைநிலைப் பெட்டியில் இரண்டு மூன்று மாதம் வைக்கலாம். உருளைக்கிழங்குத் துண்டுகள் மட்டும் உறைந்து உருகும்போது நொய்நொய்யாகிவிடுவதால், உறையவைக்கும் பகுதியில் அவற்றைச் சேர்க்காதீர்கள்.

குளிர்ந்த பாட்டேஜ் பாளம்போல இறுகி, கத்தியால் வெட்டும் நிலையில் இருப்பதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். அகன்ற பாத்திரத்தில் முதலில் அரை டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அதில் பாளத்தைத் துண்டுதுண்டாக உடைத்துப் போட்டு, மூடியோடு சிறுதீயில் இளகவிடுங்கள். இளகிய பிறகே கிளறுங்கள். நடுவிலும் ஆவி பறக்கும்வரை, குறைந்தது 74 டிகிரி வரை, முழுவதும் சூடாக வேண்டும். கெட்டியான சூப் சூடாகும்போது தெறிக்கும் என்பதால் மூடியைக் கையிலேயே வைத்திருங்கள். தளர்ந்து பதம் வந்ததும் உப்பையும் புளிப்பையும் மறுபடி ஒருமுறை சரிபாருங்கள். இரவில் பார்லி குடித்த தண்ணீரோடு உப்பும் உள்ளே போயிருக்கும்.